முதுகில் ஏறிய இங்கிலீஷ்

தென்காசி வட்டாரத்தில் பிள்ளைகளின் முதுகுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஒரே வாத்தியார் எங்கள் பம்மல் சார்தான். மற்ற வாத்தியார்கள் எல்லாம் காது வழியாக ஊற்றிப் பார்த்து, இறங்காமல் விட்டுவிட்டவர்கள்.

என் வீட்டு முன்னறையில் குடியிருந்து டியூஷன் நடத்தினார். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை கிடையாது. எனக்கும் வீட்டுக்காரர் இல்லை, மகன் துபாயில். ஆக ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேர், இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு சுவர். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனவள் இல்லை. அதற்காக யாரிடமும் குனிந்து நின்றதும் இல்லை. அவரிடமும் வீட்டுக்காரி பேசுகிற அளவுக்குத்தான் பேச்சு.

அவருக்கு இருந்தது ஒரே வியாதி. நம் ஊரில் மழை அடிக்கும், வெயில் அடிக்கும், மணி அடிக்கும், போன் அடிக்கும், சுவருக்கு வெள்ளையும் அடிப்போம். இத்தனைக்கும் பிள்ளைகள் இங்கிலீஷில் ‘பீட்’ என்று எழுதிக்கொண்டு வந்தால் அவருக்குக் கொதிக்கும்.

“ஏலே, அடியில எத்தனை அடி இருக்கு தெரியுமா? ஒரு தடவை விட்டா அது வேற. கையை மடக்கி, மூச்சு விட நேரம் குடுக்காம மேல மேல குத்தினா, அதுக்கு இங்கிலீஷ்ல பேருதாம்லே பம்மல்!”

அந்த வார்த்தையே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சொன்னதோடு விடமாட்டார், செய்தும் காட்டுவார். ஒரு நாள் தலையணையை மடியில் போட்டுக் குத்து குத்தென்று குத்தினார். தலையணை என்னுடையது. இலவம்பஞ்சு தெருவெல்லாம் பறந்தது. எதிர்வீட்டுச் சுடலி கூழ்வத்தல் காயப்போட்டிருந்தாள்.

“ஆச்சி, உங்க வீட்டு இங்கிலீஷ் எங்க வத்தல்ல வந்து ஒட்டிக்கிட்டு!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

இன்னொரு நாள் முக்குப் புரோட்டாக் கடை. மாஸ்டர் பலகையில் மாவைப் போட்டு இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார். சார் பக்கத்தில் போய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசாரித்தார்.

“அண்ணாச்சி, நீங்க இப்பம் அடிக்கியளா, குத்துதியளா?”

மாஸ்டர் கை அந்தரத்தில் நின்றது. “நான் யாரையும் தொடவே இல்லையே சார்வாள்! நேத்து நடந்தது வெறும் வாய்ப்பேச்சு. அந்தப் பய உங்ககிட்டயும் வந்து அழுதானா?”

“நான் மாவைக் கேக்கேன்.”

“மாவு எதுக்குச் சார்வாள் புகார் குடுக்கப் போகுது?”

அப்படியும் பிள்ளைகளுக்கு வார்த்தை மனதில் நிற்கவில்லை. சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லாரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் விழுகிற இடத்தில் வரிசையாக நிறுத்தி, “இப்பச் சொல்லுங்கலே! அருவி உங்களை என்ன செய்யுது?” என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் மூச்சு முட்ட, “பம்மல்! பம்மல்!” என்று கத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், மலையாளத்துச் சாமி பெயராக்கும் என்று கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாங்களும் கூடச் சேர்ந்து கத்தினார்களாம். வேன்காரன் வந்து சொன்னது.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாக்கள் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“ஆச்சி, எம் பிள்ளை முதுகைப் பாருங்க. தக்காளியாச் செவந்து கெடக்கு. உங்க வாத்தியாரு கூட்டிட்டுப் போயி அடி வாங்க வச்சிருக்காரு!”

“யாருட்டி அடிச்சா?”

“அருவிதான்!”

“அப்பம் அருவிகிட்டப் போயிச் சண்டை போடுங்க” என்று கதவைச் சாத்தினேன்.

ஆனால் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட டியூஷன் சென்டர் ஒன்று வந்திருந்தது. எல்லாம் அங்கே போயிற்று. பெஞ்சுகள் காலி.

அப்போதும் சாயங்காலம் ஆனால் சார் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் வந்து நிற்பார். கேள்வி கேட்பார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். “சரி, நானே சொல்லுதேன்” என்று பதிலையும் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நாள் முழுக்க அந்த வீட்டில் கேட்கிற மனிதக் குரல் அது ஒன்றுதான். அதுவும் நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

ஒரு நாள் திருவேங்கடத்திலிருந்து அவர் தங்கை மகன் கார் கொண்டு வந்தான்.

“மாமா, பிள்ளையளும் வரல. இங்கன தனியா என்னத்துக்குக் கெடக்கிய? நம்ம வீட்டுக்கு வந்திருங்க.”

சார் என்னைப் பார்த்தார். “ஆச்சி, நீங்க என்ன சொல்லுதிய?”

‘இருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவார். எனக்குத் தெரியும். ஆனால் குடியிருக்க வந்த ஆம்பிளையைப் போகாதே என்று கெஞ்சுகிற வாய் எனக்கு வாய்க்கவில்லை.

“உங்க சௌகரியம் சார்” என்றேன்.

பெட்டி காரில் ஏறிற்று. அவரும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். நான் முன்னறைக்குள் போய், பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம்.”

வைத்த காலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “கேளுங்க ஆச்சி!”

“இந்த நெஞ்சு உள்ளுக்குள்ள கெடந்து விடாம அடிச்சுக்கிடுதே, அதுக்கும் பம்மல்தானா?”

முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “இத்தனை வருசத்துல ஒரு பய இதைக் கேட்டதில்லை ஆச்சி!” சாக்பீசை எடுத்தார். “கிடையாது. பம்மல்னா அடிக்கவன் ஒருத்தன், வாங்குதவன் இன்னொருத்தன். வெளியே இருந்து விழணும். நெஞ்சு தானாக் கெடந்து அடிச்சா, அதுக்கு இங்கிலீஷ்ல பவுண்டுன்னு வேற வார்த்தை இருக்கு.” பலகை நிறைய எழுதினார். மருமகன் ஹாரன் அடித்தான். அதற்கு என்ன வார்த்தை என்றும் சொன்னார். நான் ஒரு எழுத்து விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“புரிஞ்சுதா ஆச்சி?”

“புரிஞ்சுது சார்.”

“அப்பம் சரி” என்று கையில் இருந்த பொடியைத் தட்டிவிட்டு, சந்தோஷமாகக் காரில் ஏறிப் போய்விட்டார். புரிய வேண்டிய ஆள் நான் இல்லை.

முன்னறையைக் கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். பேங்க் வேலையில் இருக்கிறவர்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள், நல்ல மனிதர்கள்தான். “ஆள் இருக்காவ” என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.