எல்லாருக்கும் ஒரே மாப்பிள்ளை

"மாப்பிள்ளை நல்லதம்பிதானே பேசறது?"

கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது வந்த போன் அது. நல்லதம்பிக்கு அறுபத்தேழு வயது. அவரை மாப்பிள்ளை என்று கடைசியாகக் கூப்பிட்டவர் அவருடைய மாமனார். அதுவும் ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

"யாரும்மா நீங்க?"

"பொன்மலையிலேருந்து பிரேமலதா பேசறேன். எங்க அக்கா பொண்ணுக்கு வரன் வேணும்னு உங்ககிட்டதான் பதிஞ்சிருக்கோம். உங்க வெப்சைட்டைத் திறந்தா ஒரே ஒரு மாப்பிள்ளைதான் வராரு. உங்க பேரு, உங்க போட்டோ."

"எங்கயோ தப்பா வந்திருக்கும்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நட்சத்திரத்தை மாத்திப் பாத்தேன். ஊரை மாத்திப் பாத்தேன். படிப்பு எம்.இ.ன்னு போட்டுப் பாத்தேன். அப்பவும் நீங்கதான் வரீங்க."

"நான் அஞ்சாவதும்மா."

"அதான் கேக்கலாம்னு கூப்பிட்டேன்," என்று சிரித்தாள் பிரேமலதா.

நல்லதம்பி போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அவருடைய திருமணத் தகவல் மையம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெண் பார்த்துக் கொடுத்திருக்கிறார். மீதிப் பாதி அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது என்று அவரே சொல்வார். இத்தனை நாள் எல்லா ஜாதகங்களும் அவர் மண்டைக்குள்தான் இருந்தன. மண்டை மறக்க ஆரம்பித்த பிறகுதான் கம்ப்யூட்டருக்கு மாறினார். அதையும் நம்பி மாறவில்லை. வேறு வழியில்லாமல் மாறினார்.

பிரேமலதா போனில் சிரித்ததுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. விஷயம் மனைவி சந்திரம்மாள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. சந்திரம்மாள் சத்தம் போடுகிறவள் இல்லை. சத்தம் போடாமல் பெட்டியைத் தெருவில் வைக்கிறவள். வீடும் கடையும் அவள் பேரில்தான் இருந்தன. கூடப் பிறந்தவர்களை நம்பாமல் நல்லதம்பி செய்த ஏற்பாடு அது. அப்போது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

துவாக்குடிக்குப் போன் போட்டார். அந்த வெப்சைட்டை எழுதிக் கொடுத்த பவித்ரா அங்கேதான் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தாள். மத்தியானத்துக்குள் ஸ்கூட்டியில் வந்து லேப்டாப்பைத் திறந்தாள். வெப்சைட் எழுதுகிற கருவிக்கு லாரவெல் என்று என்னமோ பெயர் சொன்னாள். அவருக்கு அது வெளியூர்க்காரன் பெயர் மாதிரி கேட்டது.

"ஐயா, போன மாசம் நீங்கதானே சொன்னீங்க, ஒரே மாப்பிள்ளை திரும்பத் திரும்ப நூறு தடவை வராருன்னு."

"ஆமா. வந்தாரு."

"அதுக்காக நேத்துதான் குவெரில ஒரு குரூப் போட்டேன். குவெரின்னா கம்ப்யூட்டர்கிட்ட நாம கேக்கற கேள்வி. ஒரே போன் நம்பர்ல எத்தனை பேர் இருந்தாலும் ஒருத்தரை மட்டும் காட்டுன்னு கேட்டிருக்கேன்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா நீங்க எல்லா மாப்பிள்ளைக்கும் உங்க நம்பரையே போட்டு வெச்சிருக்கீங்களே ஐயா. அதனால மொத்த மாப்பிள்ளைகளும் ஒரே கூட்டமாப் போயிட்டாங்க. அந்தக் கூட்டத்துல முதல் ஆளு நீங்க. சோதனைக்குன்னு முதல்ல உங்களைத்தானே பதிஞ்சீங்க."

மாப்பிள்ளை வீட்டு நம்பரைப் பெண் வீட்டில் கொடுத்தால் அவர்களே பேசி முடித்துக்கொண்டு தரகரைக் கழற்றிவிடுவார்கள். இது தொழில் ரகசியம். கம்ப்யூட்டரிடம்கூட நல்லதம்பி அதை விட்டுக்கொடுக்கவில்லை.

"அது சரி, நட்சத்திரம் மாத்தினாலும் வரேனாமே?"

"நீங்க நட்சத்திரமே போடலையே. ஊரு, வயசு, படிப்பு எல்லாம் காலி. காலியா இருந்தா 'எதுவானாலும் சரி'ன்னு அர்த்தம் வெச்சிருக்கேன்."

"என் நட்சத்திரம் அந்தப் பொட்டிக்கு எதுக்குன்னு விட்டேன்."

"பேரு, போட்டோ, நம்பர், விலாசம் தவிர ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கீங்க. 'ஏற்கெனவே திருமணம் ஆனவரா?' ஆம்."

"பொய் சொல்லக் கூடாதுல்ல."

பவித்ரா நெற்றியைத் தேய்த்தாள். "ஐயா, வரன் ஒரு டேபிள்ல, அதாவது ஒரு பட்டியல்ல இருக்கு, வீட்டு விவரம் இன்னொரு டேபிள்ல இருக்கு. ரெண்டையும் போன் நம்பரை வெச்சு ஜாயின் பண்ணியிருக்கேன். ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கும்னு நம்பினேன்."

"நம்பினது உன் தப்பு."

"சரிங்க. பதிவு எண்ணை வெச்சு சேக்கற மாதிரி எல்லாத்தையும் திருப்பி எழுதறேன். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் நான் மாப்பிள்ளையா இருக்கவா? வீட்டுல இருக்க விடுவாளா அவ? இப்பவே ஏதாவது பண்ணு."

"அப்ப கல்யாணம் ஆனவங்களைக் காட்டாதேன்னு ஒரு ஃபில்டர் போடறேன். நீங்க போயிடுவீங்க."

நல்லதம்பிக்கு உடனே சந்தேகம் வந்தது. "மறுமணத்துக்குப் பதிஞ்சவங்க இருக்காங்களே, அவங்க?"

"அவங்களும் போயிடுவாங்க."

"அதெப்படி? அவங்களையும் சேத்துக்கோ. கல்யாணம் ஆகாதவங்க, இல்லன்னா ஆனவங்க. ரெண்டையும் போடு."

"அப்படி 'இல்லன்னா'ன்னு போட்டா..."

"போடும்மா. இந்தத் தொழில்ல நான் தலை நரைச்சவன்."

பவித்ரா போட்டாள். நல்லதம்பி அவள் பக்கத்திலேயே நின்று, ஒரு எழுத்தும் புரியாமல், கடைசி வரை சரிபார்த்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. திருவெள்ளறையிலிருந்து மாதவன் என்று ஒருவர்.

"ஐயா, எங்க சித்தப்பாவுக்குப் பொண்ணு தேடறோம். சித்தி தவறி வருஷம் ஆச்சு. உங்க வெப்சைட்ல ரெண்டு பொண்ணு காட்டுது."

"நல்ல குடும்பமாத்தான் இருக்கும். பேசுங்க."

"ஒண்ணுக்கு மீசை இருக்கு."

நல்லதம்பி தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதை விடுங்க. மீசை இல்லாததைப் பேசி முடிங்க," என்று சொல்லிப் போனை வைத்தார்.

பவித்ரா போனிலேயே விளக்கினாள். "அந்த 'இல்லன்னா'வுக்கு ஒரு அடைப்புக்குறி போடணும் ஐயா. போடலைன்னா அதுக்கு முன்னாடி சொன்ன ஆணா பொண்ணா, எந்த ஊரு, எந்த நட்சத்திரம் எதையும் அது மதிக்காது. கல்யாணம் ஆனவங்கன்னா போதும், யாரு கேட்டாலும் எடுத்துக் குடுத்துடும். நேத்து அதைத்தான் சொல்ல வந்தேன்."

"சொல்ல வந்தியே, சொன்னியா?"

"தலை நரைச்சவன்னீங்க."

"நரைச்சதைச் சொன்னேன். உள்ள இருக்கறதைச் சொல்லலையே."

அவள் சாயங்காலம் பார்ப்பதாகச் சொன்னாள். அதற்குள் காட்டூரிலிருந்து ஒரு பெண் வீடும், காஜாமலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடும் நல்லதம்பியைக் கேட்டுவிட்டன. சாயங்காலம் வரை பொறுக்க அவரால் முடியவில்லை. எல்லாத் தொல்லையும் அந்த 'ஆம்' என்ற ஒரே சொல்லால்தானே வந்தது? அதை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு எதற்குத் துவாக்குடி?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் பதிவைத் திறந்தார். 'ஏற்கெனவே திருமணம் ஆனவரா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று மாற்றினார். இந்த வயதில் கம்ப்யூட்டரை வழிக்குக் கொண்டுவந்த பெருமையில் ஒரு டீ சொன்னார்.

டீ குடித்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், போன் அடித்தது. பொன்மலை பிரேமலதா.

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"கடையிலதான்மா."

"நாங்க உங்க வீட்டுல இருக்கோம். அடையவளஞ்சான் தெரு. காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கோம்."

நல்லதம்பி நாற்காலியை விட்டு எழுந்தார். "வீடு எப்படித் தெரியும்?"

"வெப்சைட்ல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே. 'புதிய வரன். நல்லதம்பி. முதல் திருமணம். எந்த வயதும் சரி, எந்த ஊரும் சரி, எந்தப் படிப்பும் சரி.' கீழே விலாசம்."

பழைய பதிவை யார் தொட்டாலும் அதைப் புதிய வரனாக முதல் பக்கத்தில் காட்டும்படி செய்யச் சொன்னவரும் நல்லதம்பிதான். கடையில் சரக்கு புதுசாக வந்துகொண்டிருப்பது போல் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டார்.

மொபெட்டை அவர் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை. ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு பூக்காரி திட்டியதுகூட அவருக்குக் கேட்கவில்லை. தெருவில் பெட்டி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே திரும்பினார். கிடக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கூடத்தில் பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீலப் புடவையில் ஒரு பெண்மணி, அறுபதை நெருங்கியவர், முதுகை நேராக வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். சந்திரம்மாள் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா வந்துட்டாரு," என்றாள் சந்திரம்மாள்.

"அக்கா பொண்ணுக்கு இல்லைங்க," என்று பிரேமலதா ஆரம்பித்தாள். "இவங்க எங்க பெரியம்மா பொண்ணு பவுனம்மாள். நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கல்யாணமே வேணாம்னு இருந்தாங்க. அறுபது தாண்டியும் முதல் கல்யாணத்துக்கு ஒருத்தர் பொறுமையா இருந்திருக்காருன்னா, போய்ப் பாக்கலாம்னு அவங்களே சொன்னாங்க."

"அம்மா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இவதான். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அது வந்து, ஜாயின் பண்ணதுல குரூப்பாயி..." நல்லதம்பிக்கு நாக்கு குழறியது. "இல்லன்னாவுக்கு அடைப்புக்குறி போடலை."

பவுனம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஊசி போட இடம் தேடுகிறவர் மாதிரி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆகாம இருந்தாலும் வேணாம்," என்றார். "போட்டோல முடி கறுப்பா இருந்துச்சு."

அவர்கள் போகும்போது சந்திரம்மாள் வாசல் வரை வந்து குங்குமம் கொடுத்தாள். பவுனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லதம்பி கூடத்திலேயே நின்றார். இப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தார்.

"சாப்பிட வாங்க," என்றாள் சந்திரம்மாள்.

"சந்திரா, நான் சொல்றதைக் கேளு."

"ரசம் ஆறுது."

"நானா வேணும்னு போடலை."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

அதுதான் அவரைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லலாம். ரசம் ஊற்றுகிறவளிடம் என்ன சொல்வது? மூன்று தடவை விளக்கினார். மூன்று தடவையும் 'சரி, சரி' என்று தலையை ஆட்டிக்கொண்டு அப்பளம் போட்டாள். தான் பேசியதைத் தானே கேட்டபோது நல்லதம்பிக்கே அதில் ஒரு திருட்டுத்தனம் தெரிந்தது. இன்னொருவன் வந்து இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால் அவர் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. மறுநாள் காலையில் பவித்ராவை வீட்டுக்கே வரவழைத்தார். கடை வேண்டாம், சந்திரம்மாள் காதுபட இங்கே வைத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பவித்ரா தூக்கம் இல்லாத கண்ணோடு வந்து கூடத்தில் லேப்டாப்பை விரித்தாள். சந்திரம்மாள் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போன் அடிக்கிறது என்று உள்ளே போனாள்.

"சொல்லும்மா. அவளுக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு," என்றார் நல்லதம்பி. "தப்பு முழுக்க கம்ப்யூட்டரோடதுன்னு சொல்லு. எனக்கு ரெண்டாவது கல்யாணத்து மேல ஆசையே கிடையாதுன்னு சொல்லு."

"முழுக்க கம்ப்யூட்டரோடதுன்னு சொல்ல முடியாது ஐயா."

"பாதின்னாவது சொல்லு. முப்பத்தஞ்சு வருஷக் குடித்தனம்மா. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

அவர் வாயிலிருந்து 'நம்பியிருக்கேன்' என்ற சொல் வந்ததில் பவித்ராவே கொஞ்சம் இளகிவிட்டாள். "கவலைப்படாதீங்க. எல்லாத்தையும் பதிவு எண்ணை வெச்சு சேத்துட்டேன். அடைப்புக்குறி போட்டுட்டேன். உங்க பேரை மாப்பிள்ளைங்க டேபிள்லேருந்து எடுத்தாச்சு. இனிமே யாரு தேடினாலும் நீங்க வர மாட்டீங்க. பாருங்க."

நல்லதம்பி பார்த்தார். திரையில் விதவிதமாக மாப்பிள்ளைகள் வந்தார்கள். இளவட்டங்கள், கண்ணாடி போட்டவர்கள், தாடி வைத்தவர்கள். அவர் ஒரு இடத்திலும் இல்லை. பெரிய மூச்சாக விட்டார்.

"அப்ப எல்லாம் சரியாயிடுச்சு."

"மாப்பிள்ளைங்க பக்கம் சரியாயிடுச்சு."

"பொண்ணுங்க பக்கம் என்ன?"

பவித்ரா உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கயும் இதே குவெரிதான் ஐயா. பொண்ணுங்க எல்லாருக்கும் உங்க வீட்டு அம்மா நம்பரைத்தான் போட்டிருக்கீங்க, சோதனைக்கு முதல் ஆளா அவங்களைத்தான் பதிஞ்சிருக்கீங்க. மூணு நாளா அவங்களுக்கும் வரன் கேட்டுப் போன் வந்துக்கிட்டுதான் இருக்காம். காலையில போன் பண்ணி, அதையும் நிறுத்திடட்டுமாம்மான்னு கேட்டேன். 'லால்குடி வாத்தியார் ஞாயித்துக்கிழமை பேசறேன்னிருக்காரு, அது வரைக்கும் இருக்கட்டும்'னாங்க."