அழாத பாலகனுக்கு ஒரு தாலாட்டு

பாட்டுக்கு மட்டும் உருகுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. வருடம் முழுக்க நம்மோடுதான் நடமாடுவார்கள். டிசம்பர் பிறந்துவிட்டாலோ, கிறிஸ்துமஸ் கீதம் எங்கே கேட்டாலும் அங்கேயே நின்று, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கைக்குட்டையும் கையுமாக மூக்கை உறிஞ்சுவார்களே, அவர்கள்தான். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பாடகர் குழு மாஸ்டர் இந்த இனத்தின் அசல் சரக்கு. மாட்டுக் கொட்டிலில் பிறந்த பாலகனுக்கு அவரே எழுதி மெட்டமைத்த தாலாட்டு ஒன்று உண்டு. அதில் குளிரடிக்கும், வைக்கோல் குத்தும், மாடு கத்தும். பாலகன் மட்டும் அழவே மாட்டான். மூன்றாவது சரணத்தில் மாஸ்டர் அழுவார். அதற்காகவே அந்தச் சரணத்தை இரண்டு தடவை பாட வைப்பார்.

"இதை எழுதினப்போ நம்ம பொண்ணுக்கு நாலு மாசம்" என்பாள் அவர் மனைவி. "வயித்து வலியில வீடே அதிர அழுவா. இவர் கற்பனை ஓடலைன்னு கதவைச் சாத்திக்குவார்."

இந்த வருடம் அந்த மகள்தான் தனியாகப் பாட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் மேடை. மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டு, ஒரு கையால் துணி உலர்த்தியபடியே பாடிப் பாடிப் பழகியிருந்தாள். ஒத்திகையில் மட்டும் குழந்தை வீறிடும். அதற்கு என்ன தெரியும், பாட்டில் அழக்கூடாது என்று?

"யாரு குழந்தைய்யா அது? வெளியே கொண்டு போங்க!"

"உங்க பேரன்தாங்க" என்றாள் மனைவி.

கடைசி ஒத்திகையன்று மாஸ்டர் மகளைத் தனியே அழைத்தார். "இந்த வருஷம் நீ விட்டுடேன்மா. தாய்ப்பாசத்தைப் பத்தின பாட்டு. நடுவுல ஒரு குழந்தை கத்தினா நல்லாவா இருக்கும்?"

தூக்கமில்லாத இந்த மூன்று மாதமும் அந்த மேடையை நினைத்துத்தானே ஓட்டியிருந்தாள்!

"நான் பாடுவேன்ப்பா" என்றாள்.

விழா நாள். அரங்கு நிறைந்த கூட்டம். மூன்றாவது சரணம் தொடங்கியதும் முன்வரிசையில், பாட்டியின் மடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், தாளம் போடுகிற கையாலேயே வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டினார்.

மகள் பாட்டை நிறுத்தினாள். இறங்கினாள். குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே மேடையேறி அப்பாவின் கையில் வைத்தாள்.

"தலையைத் தாங்கிப் பிடிங்கப்பா. பாட்டுல வர்ற குழந்தை அழாது. இது அழும்."

மறுபடி பாடினாள், அந்தச் சரணத்தை, வழக்கம்போல இரண்டு தடவை. குழந்தை இரண்டு தடவையும் அலறி, மாஸ்டரின் புதுக் கோட்டில் பாலைக் கக்கியது. எப்படி ஆட்டுவது, எங்கே தட்டுவது? மனிதர் வெலவெலத்துப் போனார். அந்த மூன்றாவது சரணத்தில் அவர் அழாதது அதுவே முதல் தடவை; அழ நேரமில்லை.

கூட்டமோ உருகி வழிந்தது. எல்லார் கையிலும் கைக்குட்டை. அப்போதுதான் நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "உஸ்! அந்தக் குழந்தையை யாராவது வெளியே கொண்டு போகக்கூடாதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னது யார் என்று அவள் மேடையிலிருந்து பார்த்துவிட்டாள். முகம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். நீங்கள் அன்று எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள்?