கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவைத் திறக்கிறோம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நேற்று முன்தினம் அடித்த புயலுக்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதப் பேனா தயங்குகிறது. இருவரும் இருக்கிறோம். கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உன் வீடும் அதன் இடத்தில் இருக்கிறது. எனக்குத்தான் திகைப்பு இன்னும் அடங்கவில்லை. காலையில் பல் துலக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் இருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருச் சங்கக் கூட்டம். புயலைத் தாங்கும் உன்னுடைய சிக்கன வீட்டை இந்தத் தெருவில் எல்லோருக்கும் கட்டுவதா, வேண்டாமா என்று அன்றைக்குக் கை தூக்கி முடிவு செய்கிறார்கள். வேண்டாம் என்றால் திட்டம் வேறு கடற்கரைக்குப் போய்விடும். நீ கண் விழித்து வரைந்ததெல்லாம் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான். இது எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: நான் வேண்டாம் என்று கை தூக்கப் போகிறேன். இதை நீ ஊரார் வாயால் கேட்பதைவிட அக்கா வாயால் கேட்பது மேல்.

“மாதிரி வீட்டுல சொந்த அக்காவே குடியிருக்கலேன்னா வேற யாருக்கா நம்புவாங்க” என்று நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டாய், நானும் உருகிப்போய்த் தலையாட்டினேன். அன்றைக்கே அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உலகத்தில் வீட்டு வாசற்கதவு உள்பக்கம் திறக்கும். உன் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. காற்று தள்ளத் தள்ளக் கதவு சட்டத்தோடு இறுகும் என்று நீ படம் போட்டு விளக்கினாய், சரி. ஆனால் வருகிறவர் எங்கே நிற்பார்? கதவை ஒட்டி நிற்பார். குடிவந்த முதல் நாளே எதிர்வீட்டுக்காரர், அதாவது தெருச் சங்கத் தலைவர், பெரிய மனதோடு விசாரிக்க வந்தார். உன் மாமாவைத் தெரியுமே, யாராவது வந்தால் ஓடிப்போய்த் திறப்பார். “வாங்க தலைவரே” என்று முகமெல்லாம் சிரிப்பாகத் தள்ளினார். கதவு போய்த் தலைவர் மூக்கில் உட்கார்ந்தது. எங்கள் வீட்டு டப்பாவிலிருந்த பிளாஸ்திரியைத்தான் ஒட்டி அனுப்பினோம். அவர் அந்தப் பிளாஸ்திரியோடு தெரு முழுக்க நடந்தார். யாரும் கேட்காமலே நின்று நின்று விளக்கினார். அதிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவைத் திறக்கிறோம்” என்று உள்ளேயிருந்து கத்துகிறோம். வாருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் தள்ளிப் போங்கள் என்று சொல்ல வைத்துவிட்டாயே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? தள்ளி நிற்கிறவர் மழை நாளில் நனைந்துதான் நிற்க வேண்டும், ஏனென்றால் கூரையை வெளியே நீட்டினால் காற்று அதைப் பிடித்துத் தூக்கிவிடும் என்று சாரல் தடுக்க நாலு விரல் அகலம்கூட நீ விடவில்லை.

அடுத்தது குளியலறை. முழு வீட்டையும் கோட்டையாகக் கட்டினால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது, ஓர் அறையையாவது கோட்டையாக்கலாம், அதுவும் இருப்பதிலேயே சின்ன அறையை என்று, வீட்டு நடுவில் நாலு பக்கமும் கான்கிரீட் ஊற்றி ஒரு குளியலறை கட்டினாய். அதற்குள்ளே சத்தம் போகவும் போகாது, வரவும் வராது. ஒரு நாள் தாழ்ப்பாள் சிக்கி உன் மாமா உள்ளேயே மாட்டிக்கொண்டார். நான் கூடத்தில் டீ குடித்தபடி, இன்றைக்கு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மனசுக்கும் இப்படி ஓர் அமைதி வாய்த்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் தத்துவம் படித்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். வெளியே வந்தவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. தொண்டை கட்டிப்போனதால் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். புயலுக்கு வருகிறேன். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று மதியம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அதற்குள் பள்ளிக்கூடத்துச் சாலையில் இடுப்பளவு தண்ணீர். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், எல்லோரும் பின்பக்கமாக, சமையலறைக் கதவு வழியாக. அடுத்த வீட்டுக்காரர்கள் என்றைக்கு முன்வாசலில் வந்திருக்கிறார்கள்? அப்போது பார்த்து முன்கதவை யாரோ இடிக்கிற சத்தம். போய்க் கேட்டால் தலைவர். உன் மாமா வழக்கப்படி “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தள்ளினார். கதவு அசையவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். நீ புகைப்படம் அழகாக வரும் என்று முன்கதவைக் கடலைப் பார்க்க வைத்தாய். இப்போது மொத்தக் கடற்காற்றும் அதன் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

“தள்ளு, நல்லாத் தள்ளு” என்றார் உன் மாமா.

“தள்ளிக்கிட்டுதானே இருக்கேன்.”

“நான் இங்க இழுக்கறேன் சார், வரமாட்டேங்குது” என்று வெளியிலிருந்து குரல்.

“பின்பக்கமா வாங்க தலைவரே. சமையலறைக் கதவு திறந்துதான் இருக்கு.”

கைப்பிடி இன்னொரு முறை ஆடியது. பிறகு, “பின்வாசல் வழியா வர நான் என்ன கேஸ் சிலிண்டர் போடறவனா? சங்கத் தலைவர் சார் நான்.”

என் தோளை யாரோ தொட்டார்கள். தலைவரின் மனைவி. தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார். “யாரும்மா அது, இந்தக் காத்துல கதவைப் போட்டு இடிக்கறது?”

“உங்க வீட்டுக்காரர்தான்.”

“அவரா? அவர் அப்படித்தான். நீங்க வந்து டீயைப் பாருங்க, பொங்குது.”

அப்போதுதான் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே தலைவர் மெதுவாகச் சொன்னார், “சார், ஒரு கூரை போகுது.”

“எந்தப் பக்கம்?”

“உங்க வீட்டுக்கு மேல.” பிறகு, “அது என் கூரை மாதிரி இருக்கு.”

அதற்கப்புறம் கைப்பிடி ஆடவில்லை. உன் மாமா பின்பக்கம் ஓடினார். அதற்குள் தலைவர் சமையலறைக் கதவில் சொட்டச் சொட்ட நின்று, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்து, “நீ எப்ப வந்தே?” என்றார்.

“நான் எப்பவோ வந்துட்டேன். உங்களுக்குத்தான் வாசல் பார்த்து வரணும்.”

பிறகு எல்லோரும் குளியலறைக்குள் போனோம். நிற்க இடமில்லை. மூடி போட்ட கமோடு ஒன்றுதான் ஆசனம். “தலைவராச்சே, நீங்க உட்காருங்க” என்று வழிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. காற்று ஓய்கிற வரைக்கும் அதன் மேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வெளியே உலகம் கிழிந்துகொண்டிருந்தது. உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

உன் வீட்டில் ஓர் ஆணிகூட அசையவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதர் தன் கூரை பறப்பதைப் பார்த்துக்கொண்டு என் கதவுக் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். கையெட்டும் தூரத்தில் இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். நடுவில் உன் கணக்கு நிற்கிறது. உள்ளே இருக்கிறவர்களை மட்டும் காப்பாற்றுகிற வீடு எனக்கு வேண்டாம். தலைவர் எப்படியும் எதிர்ப்பார். மூக்கும் போய், முன்வாசலும் திறக்காமல், கமோடிலும் உட்கார வைத்தோமே. அவரோடு சேர்ந்து கை தூக்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தூக்குவேன்.

கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் மனைவிக்கு என் அன்பைச் சொல், குழந்தைக்கு முத்தம். உங்கள் மூவர் தலைக்கு மேலும் என்றைக்கும் ஒரு கூரை நிலைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் எந்தக் குறையும் இல்லாத, உன் கதவின் மேல் மட்டும் குறையுள்ள
அக்கா

பி.கு.: தபாலில் சேர்க்க மனம் வராமல் இந்தக் கடிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நான் பேச எழுந்தேன். தலைவர் கையமர்த்தினார். “நீங்க உட்காருங்கம்மா. நீங்க உள்ள இருந்தவங்க. வெளிய இருந்தவன் நான் பேசறேன்” என்றார். எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தார்கள். “இழு இழுன்னு இழுத்தேன். அசையல. எனக்கு அந்தக் கதவுதான் வேணும். முதல் வீடு எனக்குக் கட்டுங்க.” பின்வரிசையிலிருந்து யாரோ, “தலைவரே, முன்வாசலா, பின்வாசலா?” என்று கேட்டார்கள். “கடல் எந்தப் பக்கமோ அது பின்வாசல். இன்னையிலேர்ந்து சங்கத்தோட தீர்மானம். எழுதிக்குங்க.” அவ்வளவுதான், எல்லாக் கையும் மேலே போயிற்று. என் கையும் மேலே இருந்தது. நான் தூக்கியதாக ஞாபகம் இல்லை. ஆகையால் நீ வாசலை மட்டும் திருப்பி வரைந்து அனுப்பு, கதவைத் தொடாதே. மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு.

சற்று முன் தலைவருக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். கூரை இன்னும் போடவில்லை, தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறார். ஆனால் கதவை மட்டும் அவசர அவசரமாகக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. தட்டினேன். உள்ளேயிருந்து “வாங்க, வாங்க” என்று குரல் வந்தது. இரண்டாவது ‘வாங்க’வோடு கதவும் வந்தது. அவருக்கு ஒட்டியது போக டப்பாவில் மிச்சமிருந்த பிளாஸ்திரியை உன் மாமா இப்போதுதான் என் மூக்கில் ஒட்டிவிட்டுப் போகிறார்.