மூன்று பொட்டலமும் மஞ்சள்

அன்று அம்மன் கோயிலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அய்யா. என் ஆத்தா. பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துவிடும் தாய்மாமன். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த மச்சான், அதாவது அக்கா புருஷன். அக்காவின் நாலு வயது மகள். கை நடுங்கும் பூசாரி. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் தேறாத நான்.

அம்மனும் இருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றப் பார்த்தேன்.

ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். வில்லாபுரம் அப்போது வெறும் வயல்காடு. அங்கிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்தேன். படித்தேன் என்பதைவிட நடந்தேன் என்பதுதான் சரி. கணக்கில் பதினோரு மார்க்.

அய்யாவுக்கு எழுத்து தெரியாது. மார்க் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, எழுத்து தெரிந்தவர் யார் எதிரே வந்தாலும் நிறுத்திக் காட்டினார். தபால்காரர், கணக்குப்பிள்ளை, வளையல் விற்க வந்தவர் (அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேறு பார்த்தார்). யாராவது ஒருவர் வேறு நம்பர் படித்துவிட மாட்டாரா என்று நினைத்தாரோ என்னவோ. எல்லோரும் பதினொன்று என்றே படித்தார்கள்.

பிறகு என்னை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அய்யா, மறுபடி எழுதட்டும் என்றார். எங்கள் வீட்டு முதல் குமாஸ்தா நான்தான் என்று அவர் என்றைக்கோ முடிவு செய்திருந்தார். மச்சான், கடைக்கு அனுப்புங்கள், புளி மடிக்கட்டும் என்றார். மாமா பட்டாளம் என்றார்.

"மூணு வேளை சோறு, பூட்ஸு. லாரி ஓட்டக்கூடப் பழக்குறாக" என்றார் மாமா.

லாரி என்றதும் என் காது நிமிர்ந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த ஒரு கிறுக்குத்தான். ரோட்டில் மோட்டார் நின்றால் பள்ளிக்கூடம் மறந்துவிடும். ஆனால் குமாஸ்தா ஆகவேண்டிய பிள்ளை டிரைவராகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"சண்டைக்கு அனுப்பவா பெத்தேன்? எனக்கு இருக்கது ஒத்த ஆம்பளப் புள்ள" என்று ஆத்தா அழுதது.

நாலு நாள் சத்தம். ஒன்றும் முடிவாகவில்லை. அம்மனிடம் பூக் கட்டிக் கேட்டுவிடுவோம் என்றார்கள். வெள்ளை அரளி வந்தால் மறுபடி பரீட்சை. சிவப்பு வந்தால் கடை. மஞ்சள் வந்தால் பட்டாளம். மூன்றையும் தனித்தனியே இலையில் பொட்டலமாகக் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. எடுத்தது எதுவோ அதுவே அம்மன் வாக்கு.

பூசாரிக்குத்தான் கை நடுக்கம். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீயே கட்டிக் கொண்டாப்பா. படிச்ச புள்ள."

படித்த பிள்ளை பூக்கூடையோடு கோயிலுக்குப் பின்னால் போனேன். வெள்ளையையும் சிவப்பையும் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். மூன்று பொட்டலத்திலும் மஞ்சள். வாழைநாரால் ஒரே மாதிரி முடிச்சு. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் செய்த முதல் வேலை அது.

சூடம் காட்டினார்கள். அக்கா மகள் ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். மஞ்சள்.

மாமா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "பாத்தியா! அம்மனே சொல்லிட்டா."

ஆத்தா அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். (அதையும் நன்றாகத்தான் செய்தேன்.) அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பத் தயாரானார்.

ஆத்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. மிச்சம் கிடந்த இரண்டு பொட்டலத்தையே பார்த்தது. "வெள்ளப் பூ எதுலதான் இருந்துச்சுன்னு பாத்துக்கிறேன். கிட்டக்க இருந்துச்சா, தள்ளி இருந்துச்சான்னு."

ஒன்றைப் பிரித்தது. மஞ்சள்.

அடுத்ததைப் பிரித்தது.

தோற்ற பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். தோற்றவன் நான். என்னை ஊரே பிரித்துப் பார்த்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வாய் திறந்தவர் மச்சான். "இம்புட்டு மூளைய எங்கடா வச்சிருந்த? பரீட்சைக்கு எடுத்துட்டுப் போகலையா?"

மாமா சொன்னார்: "மாப்ள, ஒன்னயப் பட்டாளத்துல சேத்தா ஜப்பான்காரன் பாவம்டா."

பூசாரி சிரிக்கவில்லை. அபராதம் சொன்னார். கோயில் கிணற்றில் இறைத்து, நூற்றெட்டுக் குடம் அம்மன் வாசலில் ஊற்ற வேண்டும்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அய்யா போகவில்லை. கிணற்றுமேட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"நானே எண்ணிக்கிறேங்யா" என்றேன்.

"பதினோரு மார்க்கு வாங்குனவன நம்பி எண்ணிக்கைய விடவா?"

இறைத்தேன். ஊற்றினேன். அவர் எண்ணினார். நாற்பது தாண்டியதும் உள்ளங்கை உரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அறுபதுக்குப் பக்கத்தில் வேறொன்று கேட்டார்.

"மஞ்சப் பூவ எதுக்குடா வச்ச? சண்டைக்குப் போக அம்புட்டு ஆசையா?"

"இல்லங்யா."

"பெறகு?"

"அங்க லாரி ஓட்டப் பழக்குறாகளாம்."

கயிறு கையில் நின்றது.

"வண்டி ஓட்டவாடா இங்கிலீசு படிச்ச?"

"மைல்கல்லுல ஊர்ப்பேரு படிக்க ஒதவும்யா."

அது நக்கலில்லை. பயத்தில் வந்தது. அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். விழவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையேங்யா."

அய்யா எழுந்து வந்து கயிற்றை வாங்கித் தானே இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் நிறுத்தினார்.

"எத்தனைடா ஆச்சு?"

"தெரியலங்யா. நீங்கதான எண்ணுனீக."

அவருக்கும் தெரியவில்லை. பேச்சில் விட்டுப்போயிருந்தது. அம்மன் காரியம், குறையக்கூடாது என்று முதலிலிருந்து எண்ணினார். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத்தான்.

மறுவாரம் கோரிப்பாளையத்தில் ஒரு பஸ் ஷெட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ். பின்னால் கொதிகலன் மாதிரி ஒன்று இருக்கும். கரி அள்ளிக் கொட்டி, அது கனலக் கை வலிக்கக் காத்தாடி சுற்றினால்தான் வண்டி நகரும். முதலாளி பாய் என் மார்க் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லா! எஸ்.எஸ்.எல்.சி. எழுதுன கிளீனரு நம்ம வண்டிக்குத்தான்."

அய்யா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கரி முகத்தோடு காத்தாடி சுற்றினேன். பிறகு லைசென்ஸ் வாங்கினேன். நான் ஓட்டிய முதல் நடையில் அய்யா முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எம் மகன். எஸ்.எஸ்.எல்.சி. எழுதுனவன்."

எழுதினவன் என்றுதான் சொன்னார். பொய் சொல்ல மாட்டார்.

முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். வண்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டைப் பற்றித்தான். கல்யாணம், நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது என்று எதற்குப் பூக் கட்டிக் கேட்டாலும், "டிரைவர் வெளியில நிக்கட்டும்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா மகளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். அவளும் சொல்கிறாள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலி ஓரமாகப் போய் நின்றுவிடுவேன்.

இதுவரை பதினேழு தடவை.