முப்பதாயிரம் காலடி

காலடி எண்ணும் பட்டை குளியலறைக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியவள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

அப்பா எடுத்துப் பார்த்தார். மூன்று நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. சனிக்கிழமைக்குள் முப்பதாயிரம் காட்ட வேண்டும். குறைந்தால் மகளின் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று பதிவேடு எழுதும் அம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பருமனான பிள்ளைகளுக்கான பன்னிரண்டு வார உடற்பயிற்சி வகுப்பு அது. பள்ளி விளையாட்டு விழாவில் மகளுக்குக் கிடைத்த வேலை, தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். குண்டுப் பெண் ஓடினால் பூமி பிளந்துவிடும் என்று பள்ளி விளையாட்டு ஆசிரியருக்கு எவன் சொன்னானோ! இந்த வகுப்பில்தான் முதல்முறையாக ஓடினாள். ஒரு சுற்று முடித்துவிட்டு, "அப்பா, யாருமே சிரிக்கலப்பா!" என்றாள்.

அந்த இடம் போகலாமா?

அப்பா பட்டையைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டார். அச்சகத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பிழை திருத்துபவர், அன்று முதல் நடந்துகொண்டே திருத்தினார். சனிக்கிழமை முப்பத்தோராயிரம்.

"அசத்திட்டா! இனிமே நாப்பதாயிரம்" என்றார் பயிற்சியாளர்.

அப்பா நாற்பதாயிரத்துக்கு வழி தேடினார். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பேருந்தைவிட்டு இறங்கினார். மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். அவர் திருத்திய திருமண அழைப்பிதழில் மணமகள் இருக்க வேண்டிய இடத்திலும் மணமகன் பெயரே அச்சாகிவிட்டது.

"யோவ், அந்த ஆளு தன்னைத்தானே கட்டிக்கப் போறானா? உக்காந்து வேலையப் பாருய்யா!" என்று கத்தினார் முதலாளி.

உட்கார்ந்தார். மேசைக்கடியில் காலை ஆட்டினார். பட்டை அதைக் கயிறு தாண்டுவதாக எடுத்துக்கொண்டது.

"கயிறு வேற தாண்டுறாளா! தினம் இருநூறு தாண்டட்டும்" என்று மகிழ்ந்தார் பயிற்சியாளர்.

சமையலறையில் அப்பாவின் நூற்று நாற்பதாவது தாண்டலில் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க இது, கீழ்வீட்டுக்காரங்க பூகம்பம்னு வெளிய ஓடிட்டாங்க!"

"பாப்பாவுக்காகம்மா…"

"பாப்பா மைதானத்துல ஓடுறா. நீங்க எதுக்கு இங்க குதிக்கிறீங்க? மொதல்ல பேண்ட்டப் புடிங்க, விழுது!"

கடைசி நாள் வந்தது. மகள் நிற்காமல் எட்டுச் சுற்று ஓடினாள். கன்னம் சிவக்க, முடி பறக்க, பின்னால் வந்தவளைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டே ஓடினாள். அப்பா கைதட்டிய தட்டில் உள்ளங்கை எரிந்தது.

அப்போதுதான் பயிற்சியாளர் ஒலிபெருக்கியை எடுத்தார். "அடுத்து, அதிகக் காலடிக்கான பதக்கம்!"

அப்பாவின் கைதட்டல் பாதியில் நின்றது. நடக்காத நடைக்குப் பதக்கம் வாங்கி, நாளைக்குக் குட்டு உடைந்தால் எல்லாரும் அவளைத்தான் திருடி என்பார்கள். பதிவேட்டு மேசைக்கு ஓடினார். அந்த ஓட்டத்திலும் இருபத்தேழு காலடி ஏறியது.

"அம்மா, பதக்கத்த நிறுத்துங்க! பன்னெண்டு வாரமா பட்டையக் கட்டிக்கிட்டது நான்தான். பாப்பா மேல தப்பே இல்ல, அவள மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"பிள்ளைங்க ஓடுறத நாங்க கண்ணாலயே பாக்கறோமே சார், அதுக்கு எதுக்குப் பட்டை? அது பெத்தவங்களுக்கு. உங்களுக்குன்னு சொல்லிக் குடுத்தா யார் சார் கட்டிக்கிறீங்க?"