மூக்கு திரும்பிவிட்டது, சென்னை வேண்டாம்

கடமலைக்குண்டு,
புதன்கிழமை.

அன்பு மகள் தேவயானிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும், உன் அம்மா வைத்துவிட்டுப் போன முருங்கையும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று மாத மூக்கடைப்பில் சிலிண்டர் கசிந்தது எனக்குத் தெரியாமல் போனது உண்மைதான். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் ஓடிவந்து, "தெருவே நாறுது, உங்களுக்குத் தெரியலையா சார்?" என்று திருகி மூடியதும் உண்மைதான். அதற்காக, ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசனை திரும்பாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்று நீ போட்ட உத்தரவு கொஞ்சம் அதிகம். நொச்சி ஆவி பிடிக்கிறேன் என்றதற்கு, "ஆவி பிடிச்சா அந்த நேரத்துக்கு இதமா இருக்கும்ப்பா. குணமாகும்னு சொல்ல ஆதாரம் பத்தாது. கொதிக்கவச்சு ஆறவச்ச உப்புத் தண்ணியில மூக்கக் கழுவுங்க, அதுக்காவது கொஞ்சம் ஆதாரம் இருக்கு" என்றாய். எதற்கும் ஆதாரம் கேள் என்று எட்டாம் வகுப்பில் உனக்குப் பாடம் நடத்தியவனே நான்தான், கோபப்பட வழியில்லை.

ஆகவே சோதனையில் இறங்கினேன். உப்புத் தண்ணீரைத் தொடவில்லை. இரண்டையும் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? வருசநாட்டு ரோட்டோரம் நொச்சி பறித்தேன். ஐந்து விரலை விரித்தாற்போல் இலை இருந்தால் நொச்சி என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கையை விரித்துக் காட்டியவனுக்கு அடையாளமா தெரியாது? கொதிக்கவைத்து, அந்தப் பச்சைக் கட்டம் போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறதா? ஒரே போர்வைக்குள் நாம் மூன்று பேர், நடுவில் நீ. "நல்லா இழு ஆத்தா" என்பாள் அம்மா. "அப்பா முழங்கை இடிக்குதும்மா" என்பாய் நீ. நான் நீராவியைப் பற்றி விளக்க ஆரம்பித்தால், "இங்கனயுமா பள்ளிக்கூடம்?" என்பாள். அப்புறம் மூன்று பேருக்கும் சிரிப்பு, மூன்று பேருக்கும் மூக்கு ஒழுகும்.

நேற்று மூன்றாம் நாள். போர்வையை மூடிய மறு நிமிடம் வந்துவிட்டது தேவு, அதே நொச்சி வாசம்! கண்ணில் நீர்கூட வந்தது, அது ஆவியால். ஆகவே சென்னைப் பேச்சை விட்டுவிடு. ஆதாரத்துக்கு இலையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நூறு வருடம் இருங்கள்.

அப்பா,
அழகர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சந்தனம்மாள் வந்து இலையைப் பார்த்தார். "இலவங்கன்ன ஒடிச்சு வச்சிருக்கீக சார்! தலகாணிப் பஞ்சு மரம். இதுல ஏது நொச்சி வாசம்?" முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. சோதனையை முறையாக முடிக்க, இலையும் இல்லாமல் வெந்நீரும் இல்லாமல் வெறும் போர்வையை மூடிக்கொண்டேன். அதே நொச்சி வாசம் வந்தது. மூக்குக்கு அதில் பங்கில்லை. சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். போர்வையும் வருகிறது.