பராமரிப்பாளர் அறையில் இருக்கக் கூடாது

இனி இந்த ஜென்மத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவதில்லை என்று காயில்காரர் முடிவெடுத்து ஆறு வருடம் ஆகிறது. அந்த முடிவை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. சொல்லாமலே காப்பாற்றி வந்தார். வீரம் என்றால் அதுதான்.

காப்பாற்ற உதவியது கம்ப்யூட்டர். வாழ்நாளெல்லாம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவர், பட்டறையை மூடிய கையோடு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் வந்துவிட்டார். ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வது அவருக்குக் கேவலம். ஒவ்வொரு பாகத்தின் மூலநிரலையும் இறக்கி, சொந்த இயந்திரத்திலேயே அதற்குப் புரியும் மொழிக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். அப்படிக் கட்டுகிறவர்களுக்காக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத நாற்பது பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு கையேடு எழுதி வைத்திருந்தார்கள். அதன் ஐந்தாம் அத்தியாயத்துக்கு இவர் பராமரிப்பாளர். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதருக்கு ஓர் அத்தியாயமே சொந்தம். அதைப் பிடுங்க வந்தால் சும்மா விடுவாரா?

ஐந்தாம் அத்தியாயத்தில்தான், அந்த வேலையைச் செய்யும் கம்பைலர் என்ற நிரலையே கம்பைல் செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் திரையில் எழுத்தாக ஓடும். மனைவி வாளியைத் தூக்கும் சத்தம் கேட்டால் போதும், இவர் கம்பைலை ஓடவிட்டுவிடுவார்.

"ஏங்க, தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்கு."

"ஓடிட்டு இருக்கும்மா."

"அது பாட்டுக்கு ஓடாதா?"

"பக்கத்துல ஆள் இருக்கணும். கண்ணை எடுத்தா கவுந்துடும்."

"பச்சப்புள்ளையையே தூங்க வெச்சுட்டு எழுந்து வர்றோம்."

"பச்சப்புள்ள தூங்கும். இது தூங்காது."

ஆறு வருடம் இப்படியே போனது. கெடுத்தவன் பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி என்பது ஆறாம் அத்தியாயக்காரன் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். ஏழு வருடத்துக்கு முன்னால், காயில்காரர் எழுதிய கட்டளையில் ஒரு புள்ளி விட்டுப்போனதை நாற்பது பேர் முன்னிலையில் சுட்டிக்காட்டியவன். அந்தப் புள்ளியைக் காயில்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை. பழி தீர்க்க ஒரு விதி கொண்டுவந்தார்: ஓர் அத்தியாயத்தைச் சோதிக்கத் தொடங்கினால், முடியும்வரை அந்தப் பக்கத்தை எழுதினவரே ஆனாலும் திருத்தக் கூடாது. பூதக்கண்ணாடி சோதனைக்கு நடுவில் தன் தப்புகளைச் சத்தமில்லாமல் திருத்துகிறான் என்று இவருக்குச் சந்தேகம். விதி நிறைவேறியது. காயில்காரர் அன்று இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

அவன் பதிலுக்கு ஒரு விதி போட்டான்: முன்பின் கம்பைல் செய்திராத ஒருவர் அத்தியாயத்தைப் படித்தபடியே செய்து பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த நேரத்தில் பராமரிப்பாளர் அறையில் இருக்கக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அறிக்கை வராவிட்டால் அத்தியாயம் அடுத்த அத்தியாயக்காரருக்குப் போகும்.

ஐந்துக்கு அடுத்தது ஆறு.

காயில்காரர் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஓடினார்.

"அண்ணே, செல்போன்ல அலாரம் வைக்கவே என் சம்சாரத்தைத்தான் கூப்பிடுவேன்" என்றார் தையல்காரர்.

அப்போதுதான் தனக்கும் ஒரு சம்சாரம் இருப்பது காயில்காரருக்கு நினைவு வந்தது. மருந்துக்கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். டாக்டர் கிறுக்கியதை எழுத்துக்கு எழுத்து படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவள்.

"நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"எழுதியிருக்கறத அப்படியே செய்யணும். ஒரு வரி விடக் கூடாது."

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட."

"நீங்க கூட இருப்பீங்களா?"

"நான் ரூமுக்குள்ளயே வரக் கூடாது."

"அப்ப சரி."

அந்த 'அப்ப சரி'யிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை அவள் உட்கார்ந்தாள். இவர் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தட்டச்சுச் சத்தம் நிதானமாகக் கேட்டது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பூதக்கண்ணாடியின் முகத்தைக் கற்பனை செய்து பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. அவள் உரக்கப் படித்தாள்.

"'கம்பைல் ஓடத் தொடங்கிவிட்டதா? நல்லது. திரையையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் பார்ப்பதால் அது வேகமாக ஓடாது. பார்க்காததால் கவிழ்ந்துவிடவும் செய்யாது. எழுந்து போய், வீட்டில் நாள்பட்டுக் கிடக்கும் ஒரு வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.'"

காயில்காரர் கதவிலிருந்து காதை எடுத்தார். யாரோ ஒரு புது ஆள் பயந்து கடிதம் போட்டான் என்று இரக்கப்பட்டு இவர் எழுதிய வரிகள். நூற்று நாற்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். செல்போனை எடுத்து அவசரமாக அழிக்கப் பார்த்தார். 'இந்தப் பக்கம் சோதனையில் உள்ளது. யாரும் திருத்த முடியாது' என்று வந்தது. அவர் கொண்டுவந்த விதி.

"ஏங்க, இதை யார் எழுதினது?"

"அது... பொதுவா எழுதினது."

"கீழ உங்க பேர்தான் போட்டிருக்கு."

"அது பழைய கம்பைலருக்கும்மா."

"அப்ப தப்பா எழுதியிருக்குன்னு அறிக்கைல போட்டுடவா?"

ஆறாம் அத்தியாயக்காரன் ஐந்தாம் அத்தியாயத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு காட்சி காயில்காரர் கண்முன் வந்து போனது.

"தப்பு இல்ல" என்றார்.

"ஒரு வரி விடக் கூடாதுன்னீங்க. எனக்கோ முட்டிவலி, தொட்டிக்குள்ள இறங்க முடியாது."

"நான் உதவி செஞ்சா விதிப்படி செல்லாது."

"கம்ப்யூட்டர்ல கை வெச்சாத்தான் செல்லாது. தொட்டில வெக்கலாம். அந்த பிரஷ் பின்பக்கம் இருக்கு."

ஆறு வருடப் பாசி. கணுக்கால்வரை வழுக்கியது. அரை மணிக்கு ஒருமுறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கவுந்துடலங்க."

மூன்று மணி நேரம் கழித்து அவர் ஈரம் சொட்டச் சொட்ட வந்தபோது கம்பைல் ஜம்மென்று முடிந்திருந்தது. அறிக்கையும் போய்ச் சேர்ந்திருந்தது.

'கட்டளைகள் தெளிவாக இருந்தனவா? இருந்தன.
எங்காவது தடுமாறினீர்களா? இல்லை.
சோதனையின்போது பராமரிப்பாளர் எங்கே இருந்தார்? தொட்டிக்குள்.
வேறு ஆலோசனை? இந்த அத்தியாயத்தை மாதம் ஒருமுறை சோதித்தால் நல்லது. நானே செய்து தருகிறேன்.'

அதற்குக் கீழே பூதக்கண்ணாடி எழுதியிருந்தான்: 'ஏழு வருடத்தில் இவ்வளவு தெளிவான அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஆலோசனையை வழிமொழிகிறேன்.'

பராமரிப்பாளருக்கு இரண்டே பொத்தான்கள் இருந்தன. ஒன்று, 'ஒப்புக்கொள்கிறேன்'. இன்னொன்று, 'அத்தியாயத்தைக் கைவிடுகிறேன்'.

காயில்காரர் பாசி படிந்த விரலால் முதலாவதை அழுத்தினார்.

அவள் அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த மாசம் பரண்."